மூலநிரலைப் பார்த்துக் கற்றவர்கள்

ஒரு தொழிலைக் கற்க வேண்டுமாயின் பாடசாலை வேண்டும், ஆசிரியர் வேண்டும், பாடநூல் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். மருத்துவமும் சட்டமும் பொறியியலும் அவ்வாறே கற்பிக்கப்படுகின்றன. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பெருந்தொகையானோருக்கு வாழ்வளித்த ஒரு தொழில் இம்மூன்றுக்கும் காத்திராமலே பரவியது. இணையத்தளங்களை வடிவமைப்பதும் அவற்றுக்கு நிரல் எழுதுவதுமே அத்தொழில். தொடக்கத்தில் அதனைக் கற்றவர்களுக்கென்று பாடநெறி எதுவும் இருக்கவில்லை. அவர்கள் இணையத்திலிருந்தே இணையத்தைக் கற்றார்கள்.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? அந்த வழி இன்று எந்த நிலையில் இருக்கின்றது? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது. ஏனெனில், எந்தக் காரணங்களால் அது சாத்தியமாயிற்றோ, அந்தக் காரணங்களே இப்போது ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

ஆசிரிய பீடத்திலிருந்து வந்த குறியீடு

பத்திரிகைத் துறையில் பணியாற்றியோருக்கு இவ்வரலாற்றின் ஆரம்பம் அந்நியமானதல்ல. அக்காலத்தில் செய்தி கையெழுத்துப் பிரதியாகவே ஆசிரிய பீடத்துக்கு வரும். துணை ஆசிரியர் அதன் ஓரத்தில், இது தலைப்பு, இது உபதலைப்பு, இந்தப் பந்தி தடித்த எழுத்தில் வரவேண்டும் என்றெல்லாம் குறியிட்டு அச்சுக்கோப்பாளரிடம் அனுப்புவார். அந்தக் குறிகள் வாசகரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றின் விளைவு மாத்திரமே அச்சில் தெரியும். ஆங்கிலத்தில் இதனை ‘மார்க்கப்’ என்பார்கள். 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ள்ஸ் கோல்ட்பார்ப் என்பவரும் அவரது சகாக்களும் இதே முறையைக் கணினி ஆவணங்களுக்கு ஏற்றதாக்கினர். அது வளர்ந்து 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேச நியமமாயிற்று.

ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆங்கிலேயரான டிம் பேர்னர்ஸ் லீ, ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டமொன்றை 1989 மார்ச்சில் முன்வைத்தார். 1990இன் இறுதியில் முதலாவது உலாவியும் முதலாவது வழங்கியும் இயங்கத் தொடங்கின. அந்த ஆவணங்களை எழுதுவதற்கு அவர் அமைத்த குறியீட்டு மொழியே எச்.ரி.எம்.எல். ஆகும். 1991இல் அதனை விவரித்த முதலாவது ஆவணத்தில் இருந்தவை 18 குறிச்சொற்கள் மாத்திரமே. தலைப்புக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று என அவை துணை ஆசிரியரின் ஓரக் குறிப்புகளைப் போன்றே எளிமையானவை. பெரும்பாலானவை சேர்னில் ஏற்கெனவே புழக்கத்திலிருந்த எஸ்.ஜி.எம்.எல். குறிகளைப் பின்பற்றியவை. இன்னோர் ஆவணத்துக்கு அழைத்துச் செல்லும் இணைப்புக்கான குறியே புதியது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். கணினியில் இயங்கும் செயலிகள் பெரும்பாலும் மனிதர் வாசிக்க இயலாத இயந்திர வடிவிலேயே பயனாளரின் கைக்கு வருகின்றன. அவற்றை இயக்கலாமே தவிர, எப்படிச் செய்யப்பட்டன என்று பார்க்க முடியாது. வலைப்பக்கமோ வெறும் எழுத்தாகவே வாசகரின் கணினிக்கு வந்து சேர்கின்றது. வந்த பின்னரே உலாவி அதனை அழகிய பக்கமாக மாற்றிக் காட்டுகின்றது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் தன்னைச் செய்த விதத்தையும் தன்னோடு கொண்டே வருகின்றது. பேர்னர்ஸ் லீயின் முதலாவது உலாவியில் பக்கத்தை வாசிக்கவும் முடியும், எழுதித் திருத்தவும் முடியும்.

இரண்டாவது காரணம் சட்டம் சார்ந்தது. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் நிலையம் தனது வலை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டின் முற்பகுதியில், வலைக்குப் போட்டியாக இருந்த ‘கோபர்’ என்ற முறையை உருவாக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம் தனது வழங்கி மென்பொருளுக்குக் கட்டணம் அறவிடப் போவதாகத் தெரிவித்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் கோபர் மங்கிப் போயிற்று. வலை உலகை ஆண்டது. கட்டணம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் அனுமதி கேட்கத் தேவையில்லாத இடத்துக்கே கற்பவர்கள் கூட்டமாக வந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

பட்டியலில் இருந்த பள்ளிக்கூடம்

1993இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் மார்க் ஆன்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் ‘மொசைக்’ உலாவியை வெளியிட்டனர். 1994இன் இறுதியில் ‘நெற்ஸ்கேப்’ வந்தது. இவ்வுலாவிகளின் கட்டளைப் பட்டியலில் ‘வியூ சோர்ஸ்’ என்றொரு வரி இருந்தது. மூலநிரலைப் பார் என்பது அதன் பொருள். அதனைச் சொடுக்கினால், திரையில் இருக்கும் பக்கத்தின் பின்னாலுள்ள குறிகள் யாவும் அப்படியே தெரியும்.

அந்த ஒரு வரியே முதற் பள்ளிக்கூடம். எங்கோ ஒரு பக்கத்தில் வண்ணப் பின்னணியில் ஓர் அட்டவணை அழகாக இருக்கின்றது. அதன் மூலநிரலைத் திறந்து, உரிய பகுதியைப் பிரதி செய்து, விண்டோஸ் கணினியோடு இலவசமாக வரும் ‘நோட்பேட்’ செயலியில் ஒட்டி, கோப்பாகச் சேமித்து, உலாவியில் திறந்தால் அதே அட்டவணை வந்து விடும். நிறத்தின் பெயரை மாற்றினால் நிறம் மாறும். ஒரு குறியை மூட மறந்தால் பக்கம் முழுவதும் தடித்த எழுத்தாகிவிடும். தவறும் உடனே தெரியும், திருத்தமும் உடனே தெரியும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டாம். இணைய இணைப்புக்கூட அந்த வேளையில் வேண்டாம்.

பழைய அச்சகங்களில் எழுத்துக் கோக்கச் சேர்ந்த சிறுவன் எப்படித் தொழில் கற்றான்? மூத்தவர் பக்கத்தில் நின்று, எந்த எழுத்து எந்தக் கண்ணறையில் இருக்கின்றது என்று பார்த்துப் பார்த்தே கற்றான். மூலநிரலைப் பார்த்தல் அந்தப் பயிற்சியின் மறுவடிவம். வேறுபாடு ஒன்றுதான். அச்சகச் சிறுவனுக்கு ஒரு மூத்தவர் இருந்தார். வலையில் கற்றவனுக்கு உலகத்தின் எல்லா மூத்தவர்களும் இருந்தார்கள். தம்மிடம் ஒருவன் கற்கின்றான் என்பது அவர்களுக்கே தெரியாது.

செய்து பழகியதை வெளியிட ஓர் இடமும் தேவைப்பட்டது. 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ஜியோசிற்றிஸ்’ அந்த இடத்தை இலவசமாகக் கொடுத்தது. இசைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று எனக் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்த அங்கே சாதாரண மக்கள் தமது முதற் பக்கங்களைக் கட்டினார்கள். மின்னும் எழுத்துகளும் ஓடும் வரிகளுமாக அவை பார்ப்போரைச் சிரிக்க வைத்தன. ஆனால் பிற்காலத்தில் கைதேர்ந்த வடிவமைப்பாளரானோர் பலரின் சிலேட்டும் அதுதான். 1999இல் யாஹூ நிறுவனம் அதனை வாங்கிற்று. 2009 ஒக்டோபரில் மூடி விட்டது.

கற்றவர்களே ஆசிரியர்களானார்கள்

பார்த்துக் கற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு குறி என்ன செய்கின்றது என்பது தெரியலாம். ஏன் அவ்வாறு செய்கின்றது என்பதை எவராவது சொல்லித்தர வேண்டும். மொசைக்கை உருவாக்கிய என்.சி.எஸ்.ஏ. நிலையமே தொடக்கநிலையினருக்கான எச்.ரி.எம்.எல். வழிகாட்டியொன்றை இணையத்தில் வைத்திருந்தது. 1996இல் ‘வயர்ட்’ சஞ்சிகையின் இணையப் பிரிவினர் ‘வெப்மங்கி’ என்ற பயிற்சித் தளத்தை ஆரம்பித்தனர். தம் பணியில் அன்றாடம் கற்றுக்கொண்டதையே அவர்கள் மற்றவர்களுக்கும் எழுதினார்கள்.

1998இல் நோர்வே நாட்டில் தொடங்கிய ‘டபிள்யூ3 ஸ்கூல்ஸ்’ இன்னொரு படி முன்னே சென்றது. ஒரு பெட்டியில் நிரலை எழுதினால் அடுத்த பெட்டியில் அதன் விளைவைப் பார்க்கும் வசதியை அது தந்தது. வலை நியமங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சங்கத்துக்கும் இத்தளத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் பெயரைப் பார்த்துப் பலர் மயங்கினர். அதன் பாடங்களில் இருந்த பிழைகளைப் பட்டியலிட்டு 2011இல் சில வல்லுநர்கள் தனித்தளமொன்றையே தொடங்கினார்கள். அதன் பின்னர் பிழைகள் பல திருத்தப்பட்டன. பகிரங்கமாகச் சொல்லப்பட்ட பாடம் பகிரங்கமாகவே திருத்தப்பட்டது. பத்திரிகையில் வந்த பிழைக்கு மறுநாள் வாசகர் கடிதம் வருவதைப் போன்றது இது.

இதே காலத்தில் நியமங்களுக்கான இயக்கமும் வலுப்பெற்றது. எழுத்தின் அமைப்பை எச்.ரி.எம்.எல்.லிலும் அதன் தோற்றத்தைத் தனியாகவும் எழுத வேண்டும் என்று ஹோகன் வியும் லீ 1994இல் முன்வைத்த யோசனை, 1996 டிசெம்பரில் சி.எஸ்.எஸ். என்ற நியமமாயிற்று. ஆனால் உலாவிகள் அதனைச் சரிவர ஏற்கவில்லை. ஜெப்ரி செல்ட்மன் போன்றோர் 1998 முதல் இதற்காக எழுதியும் வாதாடியும் வந்தனர். வாதத்தைவிட ஒரு செய்முறையே பலரை மாற்றியது எனலாம். 2003இல் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷியா ‘சி.எஸ்.எஸ். சென் கார்டன்’ என்ற தளத்தைத் தொடங்கினார். ஒரே எச்.ரி.எம்.எல். பக்கம், அதில் எவரும் கை வைக்கக்கூடாது. சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் மாற்றி எவரும் புதிய தோற்றம் கொடுக்கலாம். பல நாட்டு வடிவமைப்பாளர்கள் பங்குபற்றினார்கள். ஒரே எழுத்து, ஒவ்வொரு முறையும் முற்றிலும் வேறு பக்கம். மாணவர்கள் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தார்கள்.

நிரல் மொழிகளுக்கும் இவ்வாறான வழிகள் பிறந்தன. 1995இல் ராஸ்மஸ் லேர்டோர்ப் வெளியிட்ட பி.எச்.பி. மொழியின் இணையக் கைநூலில், பக்கங்களின் அடியில் பயனாளர்கள் தமது அனுபவத்தை எழுதலாம். அக்குறிப்புகளால் தப்பிப் பிழைத்தவர்கள் ஏராளம். நெற்ஸ்கேப் நிறுவனத்தின் ஆவணங்கள் கைவிடப்பட்ட நிலையில், மொசில்லா அமைப்பு அவற்றைப் பெற்று 2005இல் எவரும் திருத்தக்கூடிய ஆவணத் தளமொன்றை ஆரம்பித்தது. இன்று எம்.டி.என். என அறியப்படும் அது வலைத்தொழிலின் அகராதியாக விளங்குகின்றது. 2008இல் ஜோயல் ஸ்பொல்ஸ்கியும் ஜெப் அட்வுட்டும் ‘ஸ்டாக் ஓவர்புளோ’ தளத்தைத் தொடங்கினர். ஒருவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை, அதே இடத்தில் தடுக்கி விழும் அடுத்த ஆயிரம் பேருக்கும் அங்கே காத்திருந்தது.

இவை அனைத்திலும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. கற்பித்தவர்களுட் பலர் நேற்றுக் கற்றவர்கள். எங்கே இடறினோம் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது.

தமிழில் ஒரு பக்கம்

இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995இல் ஆரம்பமாயிற்று. வடக்கும் கிழக்கும் போரில் சிக்கியிருந்த காலம் அது. மின்சாரமும் தொலைபேசியும் அங்கு பலருக்குக் கிட்டாதவை. ஆகவே ஈழத்தவரின் ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த புலம்பெயர்ந்தோராலேயே செய்யப்பட்டன. முறையான பயிற்சி பெற்றோர் அவர்களுள் சிலரே. ஊர்ச் செய்தியையும் மரண அறிவித்தலையும் உறவினருக்கு எட்டச் செய்ய வேண்டும் என்ற தேவையே அவர்களை எச்.ரி.எம்.எல். படிக்க வைத்தது.

அவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கலும் இருந்தது. தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் குறியேற்றப்பட்டிருந்தன. பாமினியில் எழுதிய பக்கத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் உரோமன் எழுத்துகளின் குழப்பமே தெரியும். எழுத்துருவின் பெயரோ மூலநிரலில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே, குழப்பமாகத் தெரியும் ஒரு தமிழ்ப் பக்கத்தை வாசிப்பதற்கே மூலநிரலைத் திறந்து, எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, அதனைத் தேடி இறக்க வேண்டிய நிலை. 1997இல் வந்த இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 4 முதல், எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் உத்தி பரவியது. பின்னர் விண்டோஸ் 2000 தமிழ் யுனிகோடுக்கு இடமளித்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் பேணும் நூலகம் திட்டமும் ஆரம்பமாகின. இவற்றைத் தாங்கியவர்களுட் கணிசமானோர் தாமாகவே கற்ற தன்னார்வலர்கள். பதிப்பகத்தில் கிடைக்காத ஈழத்து நூலொன்றை இன்று ஒரு மாணவி கைபேசியில் வாசிக்கின்றாள் என்றால், யாரோ ஒருவர் எப்போதோ இணையத்தில் தட்டுத் தடுமாறிக் கற்ற நிரல் அதன் பின்னால் இருக்கின்றது.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கற்ற பாடங்கள் அநேகமாக எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் கற்பிக்க முனைந்தோர் வெகு சிலர். 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ், எளிய தமிழில் எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ். போன்றவற்றை இலவச நூல்களாகவே தந்துள்ளமை பாராட்டத்தக்கது. நமது உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்திலும் இணையத்தள உருவாக்கம் தமிழ் மொழிமூலம் கற்பிக்கப்படுகின்றது. எனினும் பரீட்சை முடிந்த பின் மேற்கொண்டு செல்ல விரும்பும் மாணவனுக்கு ஆங்கிலமே வாசல்.

வகுப்பறை திரும்பி வந்தது

2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. தனது பாடங்களை எல்லோருக்கும் இணையத்தில் திறந்து விடுவதாக அறிவித்தது. 2011இல் ‘கோட்அகடமி’, 2012இல் கான் அகடமியின் நிரலாக்கப் பாடங்கள், அதே ஆண்டில் ஹார்வார்ட், எம்.ஐ.ரி. ஆகியன இணைந்து தொடங்கிய ‘எட்எக்ஸ்’, 2014இல் குவின்சி லார்சன் ஆரம்பித்த ‘பிறீ கோட் காம்ப்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஹார்வார்டின் சி.எஸ்.50 பாடநெறியை இன்று வவுனியாவிலிருந்தும் பின்பற்றலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் வலை நிரலாக்கத்தில் இலவச இணையப் பாடநெறியை நடத்தி வருகின்றது.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. பாடங்களுக்கு ஓர் ஒழுங்கு வந்தது, சான்றிதழும் வந்தது. அதேவேளை, இத்தகைய பாடநெறிகளில் சேர்வோருள் சிறுபகுதியினரே அவற்றை முடிக்கின்றார்கள் என்பதும் எங்கும் காணப்பட்ட உண்மை. தேவை இருந்தவன் தேடிக் கற்றான். பாடம் இருக்கின்றது என்பதற்காகச் சேர்ந்தவன் இடையில் நின்றான்.

மூடப்படும் மூலநிரல்

இதற்கிடையே முதற் பள்ளிக்கூடத்தின் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. எவரும் திட்டமிட்டுச் சாத்தவில்லை. பக்கங்களின் பெரும்பகுதி வழங்கியில் இயங்கும் நிரலால் ஆக்கப்பட்டது. பார்ப்பவருக்கு அதன் விளைவு மட்டுமே கிடைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் விரைவாக வந்து சேர வேண்டுமென்பதற்காக இடைவெளிகள் நீக்கப்பட்டு, பெயர்கள் ஓரெழுத்தாகச் சுருக்கப்பட்டன. இன்று ஒரு பெரிய தளத்தின் மூலநிரலைத் திறந்தால் பாமினி இல்லாத கணினியில் பாமினிப் பக்கத்தைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். கைபேசிச் செயலிகளிலோ அந்த வரியே கிடையாது. இதற்கு ஈடாக ‘கிட்ஹப்’ போன்ற தளங்களில் முழுத் திட்டங்களின் நிரலும் திறந்து கிடக்கின்றது. ஆனால் அங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கே அது பயன்படும். மூலநிரலோ வழியிற் போனவனையும் அழைத்தது.

இரண்டாவது கதவு 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளியான பின் அசையத் தொடங்கியது. கேட்டதும் நிரலை எழுதித் தரும் இயந்திரம் கிடைத்தபோது, பகிரங்கத்தில் கேள்வி கேட்கும் வழக்கம் குறைந்தது. ஸ்டாக் ஓவர்புளோவில் புதிய கேள்விகளின் தொகை வெகுவாக வீழ்ச்சியடைந்தது. 2024 மேயில் அந்நிறுவனமே ஓப்பின்ஏஐ நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இந்த இயந்திரங்கள் எதிலிருந்து கற்றன? மனிதர்கள் பல்லாண்டுகளாக ஒருவருக்கொருவர் எழுதி வைத்த விளக்கங்களும் திறந்த நிரல்களும் அவற்றின் பாடநூல்களில் முக்கியமானவை.

இயந்திரத்தைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. ஆங்கிலம் தெரியாத மாணவன் தமிழிலேயே கேட்டு விளக்கம் பெறலாம் என்பது சிறிய விடயமன்று. மேலே சொன்ன மொழிக் குறைக்கு அது ஒரு மருந்தாகவும் அமையலாம். கவலை வேறு இடத்தில் இருக்கின்றது. ஸ்டாக் ஓவர்புளோவில் கிடைத்த விடை அடுத்தவனுக்கும் இருந்தது. பிழையாயின் மூன்றாமவன் திருத்தினான். தனியறையில் இயந்திரத்திடம் பெற்ற விடை அந்த அறையோடு முடிகின்றது. பிழையாயின் அதனைச் சுட்டிக்காட்ட அங்கே எவருமில்லை. கற்றவன் ஆசிரியனாகும் அந்தச் சங்கிலி அவ்விடத்தில் அறுகின்றது.

ஆகவே இன்று கற்கப் புகும் இளையோருக்கு இரண்டு விடயங்களைச் சொல்லலாம். இயந்திரம் எழுதித் தந்தாலும் அதனைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, என்ன நடக்கின்றது என்று பாருங்கள். இப்போதும் எல்லாக் கணினி உலாவிகளிலும் அந்த வசதி இருக்கின்றது. சிறிய தளங்களின் மூலநிரல் இன்றும் வாசிக்கக்கூடியதே. அடுத்து, விளங்கிக்கொண்டதை நான்கு வரியிலாவது தமிழில் எழுதிப் பொதுவில் வையுங்கள். தமிழில் அந்த விளக்கம் குறைவாக இருக்கும்வரை, இயந்திரம் தமிழில் தரும் விடையும் அந்த அளவுக்கே இருக்கும்.